விளக்குக்காரியின் மூச்சு

அன்று காலையிலும் விளக்குக்காரியைக் கொன்றுவிட்டார்கள்.

சோதனை அறையில் வரிசையாகக் கணினிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வெளியிலிருந்து வரவழைத்த ஓர் ஆள்; காதில் ஹெட்போன், கையில் கன்ட்ரோலர். இன்னும் வெளிவராத வீடியோ கேமை விளையாடிப் பார்த்துக் குறை சொல்வது அவர்கள் வேலை. குறை சொல்லத்தான் கூலி என்பதால் யாரும் வஞ்சனை வைக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், கேமை உருவாக்கியவர்கள் நகம் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

கேமின் கதை இதுதான். மாய ஏரி ஒன்று. வடகரையில் ஒரு கோட்டை, தென்கரையில் ஒரு கோட்டை. இரண்டு ராஜாக்களுக்கும் ஏழாம் பொருத்தம். இரண்டு கோட்டைகளிலும் எரியும் மந்திர விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் அங்கே கேட்டதை இங்கே சொல்வாள், இங்கே கேட்டதை அங்கே சொல்வாள். இரண்டு ராஜாக்களும் அவளைத் தங்கள் உளவாளி என்றே நம்புகிறார்கள். விளையாடுகிறவர் ஒரு போர்வீரர். அவள் இரண்டு சபைகளிலும் புளுகுவதைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்கிறார். கடைசியில் ஏரிக்கரையில், பனிமூட்டத்தில், அவரிடமும் அவள் ஒரு வார்த்தை சொல்கிறாள்.

“படகுல ஏறு. அக்கரையில உனக்கு ஆபத்து இல்ல.”

நம்பி ஏறினால் கேமின் மறுபாதி திறக்கும். நம்பாதவர் கையில் வாள் இருக்கிறது. வெட்டினால் படகும் அவளோடு சேர்ந்து பனியில் கரைந்துவிடும். அப்புறம் செக்குமாடு மாதிரி முதல் பாதியையே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எல்லோரும் வெட்டினார்கள்.

“ரெண்டு பக்கமும் புளுகுறவ எங்கிட்ட மட்டும் உண்மை சொல்வாளாக்கும்?” என்றார் ஒருவர், ஹெட்போனைக் கழற்றியபடி. “அந்தக் குரலைக் கேட்டாலே கை தானா வாளுக்குப் போகுதுங்க.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களில் ஒருவனை அலுவலகத்தில் கத்தரி என்று கூப்பிடுவார்கள். பதிவு செய்த பேச்சுக்கு நடுவே வரும் இருமல், நாற்காலிச் சத்தம், தெருநாய் எல்லாவற்றையும் நறுக்கி எறிவது அவன் வேலை. அந்தப் பெயரை அவன் மறுத்ததில்லை. கொஞ்ச காலமாக அவன் எதையுமே மறுப்பதில்லை.

கேமின் பொறுப்பாளரை எல்லோரும் அக்கா என்பார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. அக்கா அவனைத் தனியே தேநீர் இயந்திரத்தின் பக்கம் அழைத்துப் போனார்.

“திங்கக்கிழமை இன்னொரு சோதனை வெச்சிருக்கேன். அதுலயும் இதே கதைன்னா அவளை எடுத்துடலாம். படகு இருக்கிற இடத்துல ஒரு பாலத்தைப் போட்டுட்டா வேலை முடிஞ்சுது.”

“வாளை வாங்கிட்டா?”

“யாரை வேணும்னாலும் வெட்டலாம்னு ஊரெல்லாம் விளம்பரம் பண்ணிட்டு, இவளை மட்டும் வெட்டக்கூடாதுன்னா நம்மளை வெட்டிருவாங்க.”

“அப்போ குரலும் போகும்.”

“போகும்டா.” அக்கா காகிதக் கோப்பையைக் கசக்கினார். “உன்னால ஏதாவது பண்ண முடிஞ்சா பண்ணு. முடியலன்னா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

விளக்குக்காரியின் குரல் அவன் மனைவியுடையது. பதிவு முடிந்த கையோடு படுக்கையில் விழுந்தாள். போன மழைக்காலத்தில் இறந்தாள். அவன் அழவில்லை. மறுவாரமே வேலைக்கு வந்து உட்கார்ந்தான். அவள் பதிவுகளை வேறு யாரும் தொடக்கூடாது என்று மட்டும் சொன்னான். தானே வெட்டினான், தானே ஒட்டினான். அசல் இருந்த ஹார்டுடிஸ்க்கை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினான். அத்தோடு சரி.

*

வீட்டில் அவனும் மாமனாரும்தான். மகளுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று பெட்டியோடு வந்தவர், பிறகு பெட்டியைத் தூக்கவே இல்லை. இரு என்று இவன் சொல்லவில்லை, போகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவர். மருமகனுடைய கணினியில் லாரி ஓட்டும் கேம் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு, அதில் ஹாரன் சரியில்லை என்று தினமும் புகார் சொல்வார்.

சனிக்கிழமை அவன் குளித்துவிட்டு வந்தபோது மாமனார் விளக்குக்காரியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வேலைக்காக அவன் வீட்டுக் கணினியில் கொண்டுவந்து போட்டிருந்த கேமின் பிரதி. தடுக்க வாயெடுப்பதற்குள் வாள் இறங்கிவிட்டது.

“ஒழிஞ்சா,” என்றார் மாமனார், டீயை உறிஞ்சிக்கொண்டே.

பெற்ற மகளின் குரல் அது. அவருக்குத் தெரியவில்லை. அவள் கேம்களுக்குக் குரல் கொடுப்பாள் என்று தெரியும். எந்த கேம், எந்த வேஷம் என்று அவர் கேட்டதும் இல்லை, இவன் சொன்னதும் இல்லை. குரலின் சுருதியை இவன் வேறு கொஞ்சம் தாழ்த்தியிருந்தான்.

“ஏன் மாமா வெட்டினீங்க?”

“பின்ன என்ன மாப்ள? இம்புட்டுப் பேசுறா, நடுவுல ஒரு தடவ மூச்சு விடுறாளா? மனுஷின்னா மூச்சு விடணும். பேய்னா பேய்னு போர்டு மாட்டுங்க. பேயோட படகுல போறதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா?”

அவன் ஈரத் துண்டைக் கொடியில் போட்டான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினான்.

“லீவு நாள்ல எங்க போற? டிபன்?”

“பசியில்ல மாமா.”

அது பொய் இல்லை. அவனுக்குப் பசித்து வெகுநாளாகிறது.

*

அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. இழுப்பறையைத் திறந்தான்.

மூச்சை நறுக்கியது அவன்தான். ஒன்று விடாமல் நறுக்கினான். தொழிலில் அப்படி யாரும் செய்வதில்லை. இரைகிற மூச்சைத் தணிப்பார்கள், மற்றதை விட்டுவைப்பார்கள். அவனால் விட முடியவில்லை. மூக்கால் சட்டென்று உள்ளே இழுக்கும் ஒரு குட்டி மூச்சு அவளுக்கு உண்டு. ஆஸ்பத்திரியில் அதைத்தான் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். வலிக்குதா என்று கேட்பான். அந்த மூச்சு வரும். “இல்லையே,” என்பாள். சாப்பிட்டியா என்று கேட்பான். மூச்சு. “ம், சாப்பிட்டேன்.” கட்டிலுக்கடியில் தட்டு அப்படியே இருக்கும். கடைசி நாட்களில் அவள் சொன்ன எல்லாவற்றையும் அவன் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டான். “நீ நல்லா இருப்ப” என்று ஒருநாள் சொன்னாளே, அதையும்.

அசல் பதிவு ஓடியது.

வீட்டுத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பதிவு செய்தது அது. சேலைகளும் சட்டைகளும் எதிரொலியைக் குடித்துவிடும் என்பதால் அந்த ஏற்பாடு. முதலில் வசனம் வரவில்லை. “ஏய், ஃபேனை நிறுத்துன்னு எத்தனை தடவ சொல்றது? உள்ள நான் வெந்துட்டிருக்கேன், உனக்கு அங்க காத்து கேக்குதா?” என்றாள். அப்புறம் அவனுடைய சிரிப்பு. தன் சிரிப்பை அவன் அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

“சரி, கேளு,” என்றது அவள் குரல். “இவளுக்கு நானா ஒரு குணம் வெச்சிருக்கேன். கதை எழுதினவருக்கே தெரியாது. கண்டுபிடி பார்க்கலாம்.”

“என்ன குணம்?”

“சொல்லிட்டா அப்புறம் என்ன கண்டுபிடிக்கிறது? மக்கு.”

இந்தப் பேச்சை அன்றைக்கே மறந்திருந்தான். அப்புறம் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், வார்டு. கேட்க நேரமே வரவில்லை.

விளக்குக்காரி வடகோட்டை ராஜாவிடம் பேசினாள். “தென்கோட்டையில படை ரெண்டு மடங்காயிருக்கு, அரசே.” முன்னால் அந்தக் குட்டி மூச்சு. தென்கோட்டை ராஜாவிடம், “வடக்க எல்லாரும் தொத்துக் காய்ச்சல்ல கிடக்காங்க, கிட்ட போகாதீங்க.” முன்னால் அதே மூச்சு. எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொன்னபோது மூச்சு இல்லை. எண்ணெய் நிஜமாகவே தீர்ந்திருந்தது. கத்தரி நிமிர்ந்து உட்கார்ந்தான். முதலிலிருந்து மறுபடி ஓட்டினான். எந்த இடத்திலும் பிசகவில்லை. பொய்க்கு முன்னால் மட்டும் அந்த மூச்சு. இவளுக்குப் பொய் சொல்லத் தெரியும், ஆனால் உடம்பு ஒத்துக்கொள்ளாது. இரண்டு ராஜாக்களையும் ஏய்க்கிறாள், போர் வந்துவிடக்கூடாதே என்று. ஏய்க்கும் ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. நெஞ்சழுத்தக்காரி என்று நினைத்துத்தான் எல்லோரும் அவளை வெட்டினார்கள். அவளோ பயந்தாங்கொள்ளி.

ஏரிக்கரை வசனத்துக்கு வந்தான். சத்தத்தைக் கோடாகக் காட்டும் திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். “படகுல ஏறு.” அதற்கு முன்னால் மூச்சின் மேடு இல்லை, கோடு தட்டையாக இருந்தது. “அக்கரையில உனக்கு ஆபத்து இல்ல.” அங்கேயும் தட்டைதான்.

“கண்டுபிடிச்சிட்டேன்டி,” என்றான், காலி அறையில்.

நறுக்கிய மூச்சுகளை ஒவ்வொன்றாக இருந்த இடத்தில் வைத்தான். தாழ்த்திய குரலை உயர்த்தினான்.

*

ஞாயிற்றுக்கிழமை மாமனார் மறுபடி கன்ட்ரோலரை எடுத்தபோது அவன் தயங்கினான்.

“மாமா, இது வேற மாதிரி இருக்கும். வேணாம்னா விட்டுடுங்க.”

“என்ன, பேய்க்கு வேப்பிலை அடிச்சிட்டியா? தள்ளு.”

வடகோட்டை சபை. திரைச்சீலை. விளக்குக்காரி மூச்சை இழுத்தாள், புளுகினாள். மாமனாரின் கட்டைவிரல் நின்றது. தென்கோட்டையில் அவள் மறுபடி மூச்சை இழுத்ததும் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோய் முன்னால் வந்து பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணும் நிறைந்திருந்தது.

“களவாணி,” என்றார் திரையைப் பார்த்து. “ஸ்கூலுக்குப் போனியான்னு கேட்டா இதே மாதிரிதான் இழுப்பா. ராஜாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதா?”

ஏரிக்கரை வந்தது. பனி. படகு. அவள் பேசினாள். மாமனார் தலையைச் சாய்த்துக் கேட்டார், பழுதான இன்ஜினைக் கேட்பதுபோல. வாளை உறையில் போட்டார்.

“உண்மையைத்தான் சொல்றா. ஏறலாம்.” படகு நகர்ந்த பிறகு திரும்பாமலே கேட்டார். “நேத்து நான் வெட்டினது இவளையா?”

“நான்தான் மாமா முதல்ல வெட்டினேன்.”

அவர் பதிலுக்கு நகர்ந்து சோபாவில் இடம் விட்டார். அவன் உட்கார்ந்தான். அக்கரை வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள்.

*

திங்கட்கிழமை புது ஆட்கள். மூச்சு விஷயத்தை யாருக்கும் சொல்லவில்லை. முதலில் கரைக்கு வந்த பெண் பழக்க தோஷத்தில் வெட்டிவிட்டாள். அக்கா பெருமூச்சு விட்டார். அடுத்தவன் வாளை உருவியபடியே நின்றான். சட்டென்று பக்கத்து நாற்காலிக்காரனைத் தட்டினான்.

“டேய், இவ ராஜாகிட்ட பேசுறப்போ ஒரு மாதிரி மூச்சை இழுத்தாள்ல? இப்ப இழுக்கல.”

“அதனால?”

“அதனால ஏறுடா.”

ஏறினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். வெட்டிய பெண் தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று கேட்டாள். குறை எழுத வேண்டிய நேரத்தில் அவர்கள், அந்தச் சபையில் அவள் சொன்னது பொய்யா, இது பொய்யா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பாலம் வேண்டாம்,” என்றார் அக்கா. அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டுப் போனார். வலித்தது. நன்றாக வலித்தது.

அவன் மாடிப்படிக்கு வந்தபோது போன் அடித்தது.

“என்ன மாப்ள, ஏறினாங்களா?”

“ஏறிட்டாங்க மாமா. அவ இருக்கா.”

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சாப்பிட்டியா?” என்றார்.

“சாப்பிட்டேன் மாமா.”

“இழுத்துட்ட.”

“என்ன?”

“மூச்சை இழுத்துட்டுத்தான் சொன்ன. பொண்டாட்டிகிட்ட இருந்து ஒட்டிக்கிச்சா? போய்ச் சாப்பிடுடா, வை போனை.”

அவன் மாடிப்படியில் நின்றுவிட்டான். ஆயிரம் குரல்களை வெட்டி ஒட்டிய காது அது. ஒரு முறை கேட்டதை மறுபடி ஓட்டிப் பார்க்க அதற்கு இயந்திரம் தேவையில்லை. அந்த ஆஸ்பத்திரி அறையை ஓட்டினான். சொட்டும் குளுக்கோஸ், வராந்தாவில் உருளும் தள்ளுவண்டி, போர்வைக்குள்ளிருந்து அவள் குரல். “நீ நல்லா இருப்ப.”

அந்த வார்த்தைகளுக்கு முந்தைய நொடிக்குக் காது கொடுத்தான். இன்னும் ஒருமுறை கேட்டான்.

மூச்சு இல்லை.

கீழே கேன்டீனில் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்ட சத்தம் கேட்டது. மூடிவிடப் போகிறார்கள். வயிறு கூப்பாடு போட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான்.