தேசம் காத்த மாவீரன் நல்லசாமி

பேனரின் மேல்மூலையைக் கம்பத்தில் இழுத்துக் கட்டிவிட்டுத் தம்பி பழனிக்குமார் ஏணியிலிருந்து இறங்கிய பிறகுதான் தமிழ்மதி அதை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

‘தேசம் காத்த மாவீரன் நல்லசாமி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே ஒரு பீரங்கி, மேலே இரண்டு போர் விமானங்கள், நடுவில் பட்டாளத்து உடுப்பில் துப்பாக்கியோடு அவள் அப்பா. காட்டுப்பன்றியை விரட்டத் தகரம் தட்டியதைத் தவிர வேறெந்தப் போருக்கும் போகாத அந்த மனுஷன், உள்ளே பெஞ்சில் மாலையும் கழுத்துமாகப் படுத்திருந்தார். மேல்மலைக் குளிரில் அவருக்கு ஐஸ் பெட்டிகூடத் தேவைப்படவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஊருக்கு மேலே இருக்கிற புல்வெளியில் ஒரு பட்டாளத்துப் படம் எடுத்தார்கள். எல்லை வரைக்கும் போகக் காசில்லாத கம்பெனி, கொடைக்கானலுக்கு அந்தப் பக்கத்து மூடுபனியை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்று வந்திருந்தது. குளிரில் வெடித்த முகங்களாக வேண்டும் என்று டைரக்டர் ஊருக்குள் தேடினார். முதல் பார்வையிலேயே நல்லசாமி மாட்டிக்கொண்டார். கூடாரத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கிற சமையல்காரச் சிப்பாய் வேஷம். பேச்சே கிடையாது.

படம் பழனியில் வந்தபோது ஊரே ஜீப் பிடித்துப் போய்ப் பார்த்தது. படத்தில் சிப்பாய்கள் ஈரக் காலுறையை அடுப்பில் காயவைக்கிறார்கள், பல்வலியில் துடிக்கிறார்கள், லீவு கிடைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். துப்பாக்கி எங்கேயோ தூரத்தில் வெடிக்கிறது. ஒரு சண்டைகூட இல்லையே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே எல்லாரும் மலையேறினார்கள். நல்லசாமி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தார். அந்தப் படத்து ஸ்டில் ஒன்றைத் தமிழ்மதிதான் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினாள்.

தம்பியைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் கேட்டாள். வேற போட்டோ ஏது என்றான் அவன். ஆதாரில் இருப்பது போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறது, அதனால் சுவரில் இருந்ததை போனில் பிடித்துக் கொடைக்கானல் கடைக்கு அனுப்பினேன், கிழங்கையும் கத்தியையும் எடுத்துவிட்டுத் துப்பாக்கியைச் செருகியது கடைக்காரன் வேலை, பஸ் ஸ்டாண்டிலும் ஒன்று கட்டியாகிவிட்டது என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

“இருந்துட்டுப் போகட்டும்க்கா. நம்ம ஊருக்கெல்லாம் தெரிஞ்ச கதைதான?”

தெரிந்த கதைதான். வந்தவர்கள் பேனரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம்தான் அழுதார்கள். அழுகையும் பெரிதாக இல்லை. மதியக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் பூண்டுக்காட்டு வரப்பில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே போயிருந்தார். பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது, ஒருவர் கையையும் எதிர்பார்க்கவில்லை. கல்யாணச் சாவு என்றது ஊர். தமிழ்மதிக்கும் அப்படித்தான் பட்டது. நெஞ்சு கனத்தாலும் அதற்கு அடியில் ஒரு நிறைவு இருந்தது. கிடக்கட்டும் என்று பேனரை விட்டுவிட்டாள்.

பாடைத் தேர் கட்டி முடிக்கிற நேரத்தில் கொடைக்கானல் பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பதக்கங்கள், தலையில் பட்டாளத்துத் தொப்பி. பெயர் குமரகுரு, சொந்த ஊர் பாலசமுத்திரம், பட்டாளத்திலிருந்து வந்தபிறகு கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். பஸ் ஸ்டாண்டு பேனரைப் பார்த்ததும், கூட இருந்தவன் ஒருத்தன் மலைமேல் தனியாகப் போகக்கூடாது என்று முன்னாள் வீரர்கள் சங்கத்தில் கொடி வாங்கிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். மடித்த தேசியக் கொடி இரண்டு உள்ளங்கைகளிலும் இருந்தது. எந்த ரெஜிமெண்ட் என்று கேட்டார்.

பழனிக்குமார் அக்காவின் முழங்கையைப் பிடித்தான். போர்த்திவிட்டுப் போகட்டுமே, நமக்கென்ன நஷ்டம் என்று காதோரம் சொன்னான்.

தமிழ்மதிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வேட்டியும் கம்பளிக்குல்லாயுமாகவே காலத்தைக் கழித்தவர் மேல் அந்த மூன்று நிறம் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் பார்த்துவிட்டாள். ஆனால் மேலே பருத்த பூண்டும் உள்ளே பொடிப்பூண்டுமாக மூட்டை கட்டத் தெரியாமலே வியாபாரம் செய்தவர் அவர். கடைசி மூட்டையை மட்டும் அப்படிக் கட்டி அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

“ஐயா, எங்கப்பா பட்டாளத்துல இல்லைங்க. ஒரு படத்துல நடிச்சாரு. அந்த போட்டோவைத்தான் போட்டுட்டாங்க. நீங்க மன்னிக்கணும்.”

பெரியவர் பேனரைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் இருந்த முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கொடி அசையவில்லை. திட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ராக்காயிதான் வாயைத் திறந்தாள்.

“கெழங்கு உரிச்சாருங்க. அதுல மூட்ட மூட்டையா உரிச்ச மனுசன், வீட்டுல எனக்கு ஒரு பூண்டு உரிச்சுத் தந்ததில்ல.”

பின்னால் யாரோ சிரித்துவிட்டு, இருமி மறைத்தார்கள். குமரகுரு சிரிக்கவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

“சாப்பாட்டுத் தட்டு எடுத்து அடுக்குவாரே, அவரா?”

தமிழ்மதி தலையாட்டினாள். படத்தில் அது ஒரு சின்ன இடம். காலையில் ஒரு சிப்பாய் செத்துப்போயிருப்பான். மத்தியானம் சமையல்காரர் வழக்கம்போல எல்லாருக்கும் தட்டு எடுத்து வைப்பார். வைத்த பிறகு ஒரு தட்டு மிஞ்சி நிற்கும். அதை எடுத்து, துணியால் துடைத்து, பழையபடி அடுக்கின் அடியில் வைப்பார். முகத்தில் ஒன்றும் இருக்காது. ஊர்க்காரர்கள் அந்த இடத்தில்தான் முறுக்கு வாங்க எழுந்து போனார்கள்.

அந்தப் படத்தைப் பழனியில் மனைவியோடு பார்த்ததாகக் குமரகுரு சொன்னார். பட்டாளத்தில் என்னதான் செய்தீர்கள் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். அவருக்குச் சொல்ல வந்ததே இல்லை.

“நானும் அப்படி ஒரு தட்ட எடுத்து உள்ள வச்சவன்தான் தாயி. தியேட்டர்ல இருட்டுக்குள்ள அவ என் கையப் பிடிச்சா. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல.”

பிறகு, இந்தக் கொடியை அவர் மேல் போர்த்த முடியாது, அது அவருக்குச் சேராது என்று மெதுவாகத்தான் சொன்னார். தமிழ்மதிக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது, அதே நேரம் அழுகையும் வந்தது. வந்த அழுகையை அவள் அடக்கவில்லை. பழனிக்குமார் யாரும் சொல்லாமலே ஏணியை எடுத்துக்கொண்டு போய்ப் பேனரை அவிழ்த்தான்.

குமரகுரு கொடியைத் தோளில் தொங்கிய துணிப்பைக்குள் வைத்தார். தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்து, பையைத் தமிழ்மதியிடம் கொடுத்தார். தேரைத் தூக்கும்போது முன்பக்கத்து ஆள் ஒருவனின் தோளைத் தொட்டு விலகச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் தன் தோளைக் கொடுத்தார்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். பூண்டுக்காட்டுக்கு நடுவில் இறங்குகிற பாதையில் தேர் போவதை அவள் பையை மார்போடு பிடித்துக்கொண்டு பார்த்தாள். மற்ற மூவரும் வழுக்குகிற சரிவில் தத்தித் தத்திப் போக, அவர் கால் மட்டும் அணிவகுப்பில் போகிற மாதிரி தனியாக விழுந்தது. தேர் அவர் பக்கம் குலுங்கியது. கொஞ்ச தூரம் போனதும் அவர் ஒரு எட்டு தாமதித்து, காலை மாற்றி வைத்து, அவர்களோடு சேர்ந்து நடந்தார்.