மாமாவின் பெயர்

ஸ்ரீமதிக்கு அன்று நான்கு வயது நிறைந்தது. புதுப் பாவாடை கட்டி, சாக்லேட் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி, அம்மா கற்பகவல்லியோடு அப்பாவின் அச்சகத்துக்கு வந்தாள். சிவகாசியில் காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. மதுரைக்குப் போகவேண்டிய லோடு பாதிகூடக் கட்டவில்லை. அவள் அப்பா சங்கரபாண்டியன் போனும் கையுமாக, கண்டவர் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தவள், மிஷின் ஓட்டும் கருத்தப்பாண்டியின் முன்னால் நின்றாள். பெற்றவளைப் பழிக்கும் ஒரு கெட்ட வார்த்தையைத் தெளிவாகச் சொன்னாள். அதோடு மரியாதையாக ‘மாமா’வும் சேர்த்தாள்.

“இந்தாங்க. எனக்குப் பொறந்தநாளு.”

தாள் மாற்றுவதற்காக மிஷினை நிறுத்தியிருந்த நேரம். எல்லோர் காதிலும் விழுந்தது. கருத்தப்பாண்டியைப் பெற்ற வெள்ளைத்தாயும் அங்கேதான் தரையில் உட்கார்ந்து காலண்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

“யாரு கண்ணு சொல்லிக்குடுத்தா?”

“அதான மாமா பேரு! அப்பா வீட்டுல போன் பேசையில அப்படித்தான் சொல்லுவாக.”

சங்கரபாண்டியனின் முகம் கறுத்தது. பாய்ந்து வந்து கையை ஓங்கினார். கற்பகவல்லி குறுக்கே விழுந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

“பிள்ளைய அடிக்காதீக! அவ எங்க போயி படிச்சா அத?”

டப்பா கீழே விழுந்து சாக்லேட் சிதறியது. குழந்தைக்கு என்ன தப்பு செய்தோமென்று புரியவில்லை. வாய் கோணி அழத் தொடங்கினாள். வெள்ளைத்தாய் எழுந்து சேலையை உதறிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள். கருத்தப்பாண்டி கையிலிருந்த துணியை மிஷின் மேல் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனான்.

சாயங்காலம் வரை மிஷின் ஓடவில்லை. வேறு ஆளைத் தேடிப் போன் அடித்துப் பார்த்து, யாரும் கிடைக்காமல் கடைசியில் காரை எடுத்தார் சங்கரபாண்டியன். கற்பகவல்லி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள்.

“இவ எதுக்கு?”

“அதக் கேட்ட காது இதையும் கேக்கட்டும்.”

தாயில்பட்டியில் கருத்தப்பாண்டி தன் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவனுக்குப் பின்னால் வெள்ளைத்தாய் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தெருவில் இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்தன.

“சீசன் டென்சன்ல வாய் தவறி…” என்று ஆரம்பித்தார் சங்கரபாண்டியன்.

“சீசன் எங்களுக்குந்தான் மொதலாளி,” என்றாள் அவள், தலை நிமிராமல். “என் மவன் தப்பு செஞ்சா அவன வையுங்க. என்னைய எதுக்கு இழுக்கீக? உங்க கம்பெனியில குனிஞ்ச தலை நிமிராமத்தான வேல பாத்தேன்?”

தெரு முழுக்கப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அம்மாவின் தோளிலிருந்து ஸ்ரீமதி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பு என்னுதுதான் ஆத்தா. உங்கள அப்படிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. கருத்தப்பாண்டி, மன்னிச்சிருப்பா.”

கருத்தப்பாண்டி வாசலை விட்டு விலகினான். வெள்ளைத்தாய் குழந்தையைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

“இங்கன வா தாயி. என் மவன் பேரு கருத்தப்பாண்டி. சொல்லு பாப்போம்.”

ஸ்ரீமதி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எவ்வளவு கேட்டும் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் கருத்தப்பாண்டி வந்து மிஷினை ஓட்டினான். லோடு மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. வெள்ளைத்தாய் மட்டும் திரும்ப வரவில்லை. பக்கத்து ஊர் அச்சகத்துக்கு வேன் ஏறிப் போகிறாள் என்று கேள்வி. கற்பகவல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டுப் பார்த்தாள். “கோவமெல்லாம் இல்ல, அங்கன வர மனசு ஒப்பல” என்றுதான் பதில் வந்தது.