முதல் கல்லின் பெயர் லாபம்

ஐயாயிரம் வருஷத்துக் கல்லறைக்கு விலை எழுபத்தைந்து பென்னிக். மாணவர் என்றால் ஐம்பது. வேலிக் கதவில் தொங்கிய பலகையில் விவசாயி ஷுல்ட்டே அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில்: 'இந்தக் கற்களைச் சரியாக எண்ணிய மனிதர் எவருமில்லை. எண்ண எண்ணச் சாத்தான் மாற்றிவைக்கிறான்.'

சிதம்பரம் இரண்டையும் படித்தான். அவன் குடும்பத்துக்கு விருதுநகரில் வத்தல் மண்டி. பலகையில் எழுதிய விலையை விலை என்று ஒத்துக்கொள்வதற்கு அவன் உடம்பிலேயே இடமில்லை. ஜெர்மனியில் பான் நகருக்கு வந்து சிமெண்டு வேதியியலில் மூன்று வருஷம் ஆராய்ச்சி செய்தும் அந்த வியாதி குணமாகவில்லை.

"மூணு பேர் வந்திருக்கோம். மொத்தமா ஒரு மார்க் வச்சுக்குங்க" என்று ஜெர்மனில் ஆரம்பித்தான்.

"ஒரு மார்க் ஐம்பது பென்னிக்" என்றார் ஷுல்ட்டே.

"இன்னிக்கு நாங்கதான் முதல் போணி." போணிக்கு ஜெர்மனில் வார்த்தை இல்லை என்பது பாதி வாக்கியத்தில்தான் அவனுக்குத் தெரியவந்தது. "அதாவது, காலையில் முதலில் வருகிறவரிடம் கொஞ்சம் குறைத்து வாங்கினால் அன்றைக்கு முழுக்க வியாபாரம் நன்றாக நடக்கும்."

ஷுல்ட்டே அதைப் பொறுமையாகக் கேட்டார். அறுபது வயதிருக்கும். முகத்தை வைத்து வானிலைகூடச் சொல்ல முடியாது. "ஒன்று ஐம்பது. பலகையில் இருக்கிறது" என்றார்.

"கொடுத்துத் தொலைடா. நாலு மணிக்கு புரொஃபசர் வந்துடுவார்" என்று உமாபதி பின்னாலிருந்து முணுமுணுத்துவிட்டு, தானே காசை எடுத்து நீட்டினான்.

உமாபதிக்கு அன்றைக்கு எது பேசினாலும் நாலு மணியில்தான் போய் முடிந்தது. திருநெல்வேலிப் பக்கம் முதுமக்கள் தாழி தோண்டிய அனுபவத்தோடு பானுக்குத் தொல்லியல் படிக்க வந்தவன். ஸ்காலர்ஷிப் செப்டம்பரோடு முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் நீட்டித்தால், கல்யாணமாகிப் பதினெட்டே நாளில் விட்டுவந்த கிரிஜாவைக் கூட்டி வந்துவிடலாம். நீட்டிக்காவிட்டால் பாதி ஆய்வேட்டோடு இவன் கப்பலேற வேண்டியதுதான். நீட்டிக்கப் பரிந்துரைக்க வேண்டியவர் பேராசிரியர். அவர் 1951-இல் எழுதிய பெரிய புத்தகத்தில் இந்தக் கல்லறையில் முப்பது கற்கள் என்று இருக்கிறது. இப்போது 1967, புதுப் பதிப்பு வருகிறது. புதிதாக ஒரு வரைபடம் வேண்டும். 'முப்பதையும் அளந்து வரைந்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நானே வந்து பார்க்கிறேன்' என்று சொல்லியிருந்தார்.

கார் சிதம்பரத்தினுடையது, எட்டாவது கையாக வாங்கிய ஃபோக்ஸ்வாகன். கணிதத்தில் ஆராய்ச்சி செய்யும் சாந்தா, கணக்குப் பிசகாமல் குறித்துக்கொள்ள வந்திருந்தாள். ஜாம்ஷெட்பூர் இரும்பாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். வீட்டுக்குள் மட்டும் பேசி வளர்ந்த தமிழ்.

கதவைத் தாண்டினால் மொட்டைக் குன்று. ஆடு மேய்ந்து மேய்ந்து முடிவெட்டினாற்போல் கிடந்த புல். புல் தேய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு.

"இத்தனை சுண்ணாம்பை வச்சுக்கிட்டு நாட்டுல ஒரு வெத்தலை கிடையாது" என்றான் சிதம்பரம். "என்ன வளமோ."

"கல்லைப் பாருடா" என்றான் உமாபதி.

கல்லறை குன்றின் நெற்றியில் கிடந்தது. நீளமான ஒரு ரயில்பெட்டியைத் தரைக்குள் இறக்கிவிட்டு மூடியைக் கழற்றினது போல. இரண்டு பக்கமும் ஆளுயரத்திலும் இடுப்பளவிலுமாக நட்ட பலகைக் கற்கள்; மேலே மூடியிருந்த கூரைக் கற்களில் மிச்சமிருந்தவை உள்ளே சரிந்து கிடந்தன.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். உமாபதி நாடா பிடித்து அளந்து வரைவது. சிதம்பரம் ஒவ்வொரு கல்லாகத் தொட்டு எண்ணிச் சொல்வது. சாந்தா சற்றுத் தள்ளி உட்கார்ந்து ஒரு கல்லுக்கு ஒரு கோடு போடுவது. காற்று பலமாக இருந்ததால் சிதம்பரம் மண்டிக்குரலை எடுத்தான். "லாபம்... ரெண்டு... மூணு..." என்று வலது வரிசை நெடுக ராகம் போட்டுப் போனான். இடது வரிசைக்கு வந்து மறுபடி "லாபம்... ரெண்டு...". கூரைக் கற்களுக்கு மூன்றாம் முறை. வேலியருகே ஷுல்ட்டே புகைக்குழாயைக் கடித்தபடி, இந்தியர்களின் வழிபாடு போலிருக்கிறது என்று மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"வலது பதிமூணு, இடது பன்னெண்டு, மேலே அஞ்சு. முப்பது. உன் புரொஃபசர் வாழ்க" என்றான் சிதம்பரம்.

"இருபத்தேழு" என்றாள் சாந்தா.

உமாபதியின் கையிலிருந்து நாடா சுருண்டு ஓடியது.

"நான்தான் தொட்டு எண்ணினேன்" என்றான் சிதம்பரம்.

"நான்தான் கோடு போட்டேன். எண்ணிப் பாருங்க. ஐஞ்சைஞ்சா கட்டி வச்சிருக்கேன்."

மறுபடி எண்ணினார்கள். மறுபடி அவன் முப்பது, அவள் இருபத்தேழு. என்ன தகராறு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட ஷுல்ட்டே வேலியில் சாய்ந்துகொண்டு, "எல்லோருக்கும் ஒன்றுதான் தவறும். உங்களிடம் சாத்தான் மூன்றை எடுத்திருக்கிறான். தூரத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் இருக்கும்" என்றார்.

"சாந்தா, தப்பா நினைக்காதே. மேத்தமேடிக்ஸ்ல உனக்கு என்ன ஸ்பெஷலைசேஷன்?" என்று கேட்டான் சிதம்பரம்.

"நீங்க மொதல்ல ஒழுங்கா ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்க. எடுத்த எடுப்புல ரெண்டுன்னா நான் என்ன பண்றது?"

"ரெண்டா? லாபம்னு தெளிவா சொன்னேனே."

"அது நம்பரா? ஏதோ குலதெய்வத்தைக் கூப்பிட்டுட்டு ஆரம்பிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

சிதம்பரத்தின் வீட்டு மண்டியில் மூட்டை எண்ணினாலும் சரி, படி அளந்தாலும் சரி, முதலாவதை ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவார்கள். வாயிலிருந்து முதலில் வருவது நல்ல சொல்லாக இருக்கட்டும் என்று. பால்குடி மறந்த நாளிலிருந்து அவன் அப்படித்தான் எண்ணுகிறான். அது ஜாம்ஷெட்பூர்வரை போயிருக்காது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. மூன்று வரிசை, மூன்று லாபம். மூன்றும் கோடில்லாமல் காற்றோடு போயிருந்தன.

"அப்ப முப்பதுதான்" என்று உமாபதி புல்லில் மல்லாந்து விழுந்தான். "பாவிகளா, ஒரு நிமிஷத்துல என்னைக் கப்பலேத்திட்டீங்க."

"எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடறேன்" என்றான் சிதம்பரம். வேறொன்றுமில்லை, சாந்தாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு சாக்கு. இந்த முறை வாயால் எண்ணவில்லை. ஒவ்வொரு கல்லையும் வத்தல் மூட்டையைப் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் தடவிப் பார்த்துக்கொண்டு போனான். எல்லாம் ஒரே சொரசொரப்பு. காய்ந்த பாசி கைக்கு உதிர்ந்தது. இடது வரிசையின் கடைசியில், இடுப்பளவுக் கல்லில் மட்டும் மேல்விளிம்பு வழவழவென்று வழுக்கியது. பின்பக்கம் விரலை விட்டுத் துழாவினான். ஒரு ஓட்டை. அதற்குள் துரு.

மாட்டுச் சந்தையில் கல்தூணைப் பார்த்தவனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டாம். இரும்பு வளையம் இருந்த ஓட்டை. மாடு கழுத்தை உரசி உரசி வந்த வழவழப்பு.

திரும்பிப் பார்த்தான். உமாபதி இன்னும் மல்லாந்து கிடந்தான். கிரிஜாவுக்குக் குளிர்காலக் கோட்டு எந்தக் கடையில் மலிவு என்று சாந்தாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தான். சும்மா இருந்தால் முப்பது. புத்தகத்திலும் முப்பது, பேராசிரியருக்கும் முப்பது, பரிந்துரைக்கும் முப்பது. சரக்கு வாங்குகிறவனே எடை சரி என்று சொல்லும்போது தராசைத் தூக்கிப் பார்க்கச் சொல்வது எந்த வியாபாரத்தில் சேர்ந்தது? அப்படி நினைத்துக்கொண்டுதான் நடந்தான். நடந்து போய் உமாபதியின் பக்கத்தில் குந்தி, விரல்நுனித் துருவைக் காட்டிச் சொல்லியும் விட்டான்.

உமாபதி எழுந்து போய்ப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். வரும்போது நடை மாறியிருந்தது.

"இருபத்தொன்பது" என்றான்.

"டேய், முப்பதுன்னே எழுது. அவர் புஸ்தகம், அவர் கல்லு."

"முப்பத்தாறாம் வருஷம் இன்னொருத்தர் இருபத்தொன்பதுன்னு எழுதினார். அவருக்கு எண்ணத் தெரியலைன்னு புரொஃபசர் தன் புஸ்தகத்துல அடிக்குறிப்பு போட்டு வறுத்திருக்கார். பதினாறு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை."

"அதனாலதான் சொல்றேன்."

"இருக்கிறது இருபத்தொன்பதுடா." உமாபதி பேனாவைத் திறந்து, வரைபடத்தின் அடியில் மையாலேயே எழுதினான். பென்சிலில் எழுதியிருந்தாலாவது அழிக்கலாம் என்று சிதம்பரத்துக்கு இருந்தது. மணி மூன்றேகால்.

சிதம்பரம் வேலிப்பக்கம் போனான்.

"ஹெர் ஷுல்ட்டே, உங்கள் சாத்தான் எத்தனை மாடு கட்டியிருந்தான்?"

புகைக்குழாய் வாயிலிருந்து இறங்கியது. ஷுல்ட்டே குன்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் தன் பூட்ஸைப் பார்த்தார். "ஐம்பதாம் வருஷம் பழைய தொழுவத்தை இடித்தோம். அதில் மாடு கட்டிய கல்லை எங்கே போடுவது? கல்லோடு கல்லாக இருக்கட்டும் என்று நட்டோம். அடுத்த வருஷமே படித்தவர்கள் வந்து எண்ணிக்கையில் சண்டை போட்டார்கள். வேடிக்கை பார்க்க ஊர் வந்தது. பலகையை அப்புறம்தான் மாட்டினேன்."

"நாலு மணிக்கு வரும் பேராசிரியரிடம் இதை நீங்களே சொல்ல வேண்டும்."

"சொல்லாமல் விட்டால் மூன்று டிக்கெட் காசையும் திருப்பித் தருகிறேன்" என்று ஷுல்ட்டே வலதுகையை நீட்டி, சிதம்பரத்தின் உள்ளங்கையில் பளாரென்று ஓர் அறை வைத்தார்.

சிதம்பரத்துக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் உடம்பெல்லாம் இனித்தது. விருதுநகரில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள், இங்கே கையில் அறைந்து பேசுகிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். டிக்கெட்டு விலையில் பேரம் கிடையாதென்றால் பேரமே தெரியாது என்று அர்த்தமில்லை. மாடு விற்ற மனிதர்.

"போதாது" என்று திருப்பி அறைந்தான்.

"ஒரு பன்றித்தொடை. என் வீட்டுப் புகையில் போட்டது." அறை.

"கல்லை அளக்கிற என் நண்பன் சைவம்." அறை.

"சாத்தான் போய்விட்டால் யார் வருவார்கள்? இந்தக் குன்றில் புல்லைத் தவிர என்ன இருக்கிறது?" இந்த முறை ஷுல்ட்டே அறையவில்லை. கையைப் பிடித்தபடியே நின்றார்.

"சாத்தானை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்" என்றான் சிதம்பரம். "'இதில் ஒரு கல் பொய். எது என்று கண்டுபிடியுங்கள்.' எண்ண வருகிறவன் ஒருமுறை எண்ணிவிட்டுப் போய்விடுவான். பொய்யைத் தேடுகிறவன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மறுபடி வருவான். எழுபத்தைந்தை ஒரு மார்க்காக ஏற்றலாம்."

ஷுல்ட்டே யோசித்தார். காற்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

"மாணவருக்கு?"

"எழுபத்தைந்து."

உள்ளங்கை சிவக்கும்படி கடைசி அறை விழுந்தது.

நாலு மணி அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது பேராசிரியர் வந்தார். மெலிந்த மனிதர், முழங்கால்வரை காலுறை. வரைபடத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே ஷுல்ட்டே தொப்பியைப் பிசைந்துகொண்டு தொழுவத்துக் கதையைச் சொல்லி முடித்தார். நாலே வாக்கியம், அதில் இரண்டு மாடுகளைப் பற்றி.

பேராசிரியர் நேராக இடது வரிசைக் கடைசிக்குப் போய் மண்டியிட்டு, ஓட்டைக்குள் விரலை விட்டார். சிவப்பாக வந்த விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, துடைத்த கைக்குட்டையை நாலாக மடித்தார்.

"என் புத்தகத்தைப் படித்தீர்களா?" என்று உமாபதியிடம் கேட்டார்.

"படித்தேன். பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. முப்பது. அடிக்குறிப்பையும் படித்தேன்."

"இந்த எண்ணை எப்போது எழுதினீர்கள்? இவர் ஒப்புக்கொண்ட பிறகா?"

"முன்னாடி."

பேராசிரியர் கட்டைவிரலால் எண்ணின்மேல் ஒரு தேய் தேய்த்துப் பார்த்தார். மை நன்றாகக் காய்ந்திருந்தது.

"அந்த அடிக்குறிப்பு நன்றாக எழுதப்பட்ட ஒன்று. மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள்" என்று கொஞ்சம் வருத்தமாகச் சொன்னார். பிறகு உமாபதியின் பேனாவையே வாங்கி, காரின் மூக்கில் தாளை விரித்து, குனிந்து எழுத ஆரம்பித்தார். சிதம்பரம் மரியாதையில்லாமல் அவர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான்.

வலது வரிசை: 13.
இடது வரிசை: 11.
கூரை: 5.
ஆக: 29. சரிபார்க்கப்பட்டது.
தொழுவக் கல்: 1. ஷுல்ட்டே குடும்பத்தின் சொத்து.
உமாபதிக்கு நீட்டிப்பு: 1 வருஷம். பரிந்துரைக்கிறேன்.
1936-இல் சரியாக எண்ணியவருக்கு மன்னிப்புக் கடிதம்: 1. பாக்கி.