வரவேற்புக் குழுவின் முதல் ஞாயிறு

கல்கண்டில் எறும்பு ஏறிவிடக் கூடாது என்று தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் தட்டை வைத்துவிட்டு, கிறிஸ்துராஜ் சட்டைப் பையில் குத்தியிருந்த பேட்ஜை நேராக்கிக்கொண்டார். பேட்ஜில் 'வரவேற்பாளர்' என்று சிவப்பு எழுத்து. தட்டில் கல்கண்டோடு சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, ஒரு கொத்து ரோஜா. ஆலய வாசல் கல்யாண மண்டப வாசல் மாதிரியே ஆகிவிட்டது. மாப்பிள்ளை, பெண் பெயர் எழுதிய பலகை ஒன்றுதான் பாக்கி. "இன்னாங்க, யாருக்குக் கல்யாணம்?" என்று அவர் மனைவி ஞானசௌந்தரி காலையிலேயே கேட்டுவிட்டாள். அவள் புடவையிலும் அதே பேட்ஜ் தொங்கியது. குழு என்றால் இரண்டு பேராவது வேண்டும் என்று அவளைக் கேட்காமலேயே அவர் சேர்த்துவிட்டிருந்தார்.

சென்னீர்குப்பத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் டயர் கடைக்கும் சிமென்ட் குடோனுக்கும் நடுவில் அந்த ஆலயம் இருக்கிறது. தகரக் கூரை, சுண்ணாம்பு அடித்த சுவர், லாரி போனால் அதிரும் ஜன்னல்கள். ஒரு காலத்தில் பிந்தி வந்தவர்கள் வேப்பமரத்தடியில் நின்று ஆராதனையில் கலந்துகொண்ட சபை அது. பிள்ளைகள் வளர்ந்தார்கள், வேலை கிடைத்தது, குளிர்சாதனமும் டிரம்ஸும் இருக்கிற பெரிய சபைகளைத் தேடிப் போனார்கள். அவர்கள் பின்னாலேயே பெற்றவர்களும் போனார்கள். இப்போது எல்லாரையும் எண்ணினால் இருபதைத் தொடாது. மூன்று சபைகளை பைக்கில் ஓடி ஓடிக் கவனிக்கிற இளம் ஆயர் ஆன்சனையும் சேர்த்தால் ஒருவேளை தொடலாம். சுற்றுவட்டாரச் சபைகளுக்கெல்லாம் பொறுப்பான மூத்த ஆயர் போன மாதம் வந்து காலிப் பெஞ்சுகளைப் பார்த்துவிட்டு, ஈஸ்டருக்குள் புது ஆட்கள் சேரவில்லை என்றால் பூந்தமல்லி சபையோடு இணைத்துவிடலாம், கட்டடத்தைப் பூட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கிறிஸ்துராஜுக்குப் பயமாக இருந்தது.

பூட்டினால் மற்றவர்களுக்கு ஒரு பஸ் மாறுகிற சிரமம், அவ்வளவுதான். கிறிஸ்துராஜுக்கு அப்படியில்லை, அவர் பாடுவதற்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் அது. மீசை முளைத்த வயதில் குரல் உடைந்ததும் பாடகர் குழு மாஸ்டர் அவரைப் பிடித்து பேஸ் வரிசையில், அதாவது அடிக்குரல் பாடுகிறவர்களோடு, நிறுத்தினார். நான்கு வகைக் குரல்கள் சேர்ந்து ஒரு பாட்டைக் கட்டுகிற காலம் அது. மாஸ்டர் போனார், மேல்குரல்கள் கல்யாணமாகிப் போயின, நடுக்குரல்கள் துபாய்க்குப் போயின. கிறிஸ்துராஜ் மட்டும் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி, ஓய்வும் பெற்று, ஞாயிறுதோறும் அதே பேஸைப் பாடிக்கொண்டிருந்தார். அவருக்கு எந்தப் பாட்டின் மெட்டும் ஒழுங்காகத் தெரியாது. அடிக்குரலைத் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்கும், திடீரென்று இரண்டு படி கீழே இறங்கும். சின்னப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "எல்லாரும் மேல போறப்ப நீங்க மட்டும் எதுக்குக் கீழ போறீங்க?" என்று ஞானசௌந்தரி வீட்டுக்கு வந்து கேட்பாள். தான் பாடுவது சரிதானா என்ற சந்தேகம் அவருக்கே வந்து பல வருஷம் ஆகியிருந்தது.

ஆவடியில் சிறிய சபைகள் வளர வழி சொல்லித்தரும் ஒருநாள் முகாம் நடக்கிறது என்று ஆயர் சொன்னதும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். அங்கே பேசியவர் ஒன்று சொன்னார். சிறிய சபைகளின் கதவு திறந்துதான் இருக்கிறது, பெஞ்சுதான் மூடியிருக்கிறது என்றார். கிறிஸ்துராஜுக்குச் சுருக்கென்று தைத்தது. அவர்கள் சபையில் எந்தப் பெஞ்சு எந்தக் குடும்பத்துடையது என்று குழந்தைக்கும் தெரியும். மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பது ஞானசௌந்தரி வீட்டுப் பெஞ்சு. ஒருமுறை தெரியாமல் அதில் உட்கார்ந்த ஒரு புது அம்மாளை அவள் பார்த்த பார்வையில் அந்த அம்மாள் மறுவாரம் வரவில்லை. அதனால் கிறிஸ்துராஜ் துணிந்து ஒரு முடிவு எடுத்தார். வரவேற்பு ஞாயிறு என்று நோட்டீஸ் அடித்துப் புது அடுக்குமாடிகளில் கொடுத்தார். பெஞ்சுகளைப் பின்னால் தள்ளிவிட்டு, யார் பெயரும் ஒட்டாத வாடகை நாற்காலிகளைப் போடுவது என்று ஏற்பாடு செய்தார். பந்தல்காரர் திருவேங்கடம் குட்டியானை வண்டியில் நாற்காலிகளைக் கொண்டுவந்து மரத்தடியில் இறக்கிவிட்டு, "பசங்க பின்னாடியே வந்துகினு கீறானுங்க அண்ணாத்தே, அவனுங்க போட்டுருவானுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்யாணத்துக்கு ஓடினார்.

பசங்கள் வரவில்லை. ஆராதனைக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கிறிஸ்துராஜ் தட்டையும் பார்த்தார், தெருவையும் பார்த்தார். அப்போது சந்துமுனையில் ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். எல்லாரும் இளவட்டம், நான்கைந்து பையன்கள், மற்றவர்கள் பெண்கள். எல்லாருக்கும் ஒரே நீல டி-ஷர்ட். முகத்தைப் பார்த்தாலே வடக்கத்திப் பிள்ளைகள் என்று தெரிந்தது. தயங்கித் தயங்கி வாசலுக்கு வந்து நின்றார்கள். முன்னால் நின்ற உயரமான பையன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

"இன்னாப்பா இவ்ளோ லேட்டு? ஆராதனைக்கு டைம் ஆச்சு. சேர் எடு, சேர் எடு. மொதல்ல பெஞ்ச பின்னால தள்ளு. ஜல்தி." தொழிற்சாலையில் கற்ற ஒரே இந்திச் சொல்லையும் அவர் விடவில்லை.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒல்லியான ஒரு பெண் பையை மரத்தடியில் வைத்துவிட்டு முதலில் நாற்காலியைத் தூக்கினாள். அவ்வளவுதான், வேலை மளமளவென்று நடந்தது. தேக்குப் பெஞ்சுகளைத் தரையில் உரசாமல் தூக்கி வைத்தார்கள். வரிசைகளுக்கு நடுவில் பாதை விட்டார்கள். பலிபீடத்துப் பக்கம் போகும்போது ஒரு பையன் செருப்பில்லாத காலைத் துடைத்துக்கொண்டு போனதை கிறிஸ்துராஜ் பார்த்தார். திருவேங்கடத்திடம் ஆட்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். முடிந்ததும், "டீ அப்பால வரும், அப்டி ஓரமா இருங்க" என்று கையைக் காட்டிவிட்டு, புது ஆட்களை வரவேற்பதற்காக அவசரமாக வாசலுக்குத் திரும்பினார்.

புது ஆட்கள் யாரும் வரவில்லை. வழக்கமானவர்கள் வந்தார்கள். தங்கள் பெஞ்சைக் காணாமல் விழித்தார்கள், தட்டிலிருந்து ஆளுக்கொரு கல்கண்டை எடுத்துக்கொண்டு, பழைய பெஞ்சு எங்கே இருந்ததோ அதே இடத்தில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள். ஞானசௌந்தரி மின்விசிறிக்கு நேர் கீழே. ஆயர் ஆன்சன் ஆரம்ப ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினார். கிறிஸ்துராஜ் தட்டைக் கையில் ஏந்தி வாசலிலேயே நின்றார். கை வலித்தது. அடுக்குமாடிகளில் ஒரு வீடுகூடவா அந்த நோட்டீஸைப் படிக்கவில்லை? கண் கலங்குவது போலிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் அதை அவர் தடுக்கவுமில்லை.

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. அதிலிருந்து மூன்று பையன்கள் இறங்கினார்கள். ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான். "சாரி அண்ணாத்தே, வண்டி பஞ்சராயிடிச்சு. திருவேங்கடம் அண்ணன் அனுப்புச்சாரு. சேர் எங்க போடணும்?" எட்டிப் பார்த்துவிட்டு அவனே கேட்டான். "இன்னாது, எல்லாம் போட்டுக் கீது? யாரு போட்டது?"

கிறிஸ்துராஜ் திரும்பி உள்ளே பார்த்தார். கடைசி வரிசையில், அவர் ஓரமாக இருக்கச் சொன்ன இடத்திலேயே, நீல டி-ஷர்ட்டுகள் ஒரு வரிசையாக உட்கார்ந்திருந்தன. பெண்கள் தலையில் துணி போட்டிருந்தார்கள். எல்லாத் தலைகளும் ஜெபத்தில் குனிந்திருந்தன. ஒல்லிப் பெண்ணின் மடியில், பையிலிருந்து எடுத்த, ஓரம் கிழிந்த கறுப்பு அட்டைப் புத்தகம். அதில் இருந்த சிலுவை வாசல்வரை தெரிந்தது.

புது ஆட்களுக்காக ஒரு மாதமாகக் கனவு கண்டவர், அவர்கள் வந்து நின்றபோது வேலை ஏவியிருக்கிறார். போய் மன்னிப்புக் கேட்கக் கால் வரவில்லை. தட்டோடு அப்படியே நின்றார்.

ஜெபம் முடிந்து ஆயர் பாட்டைச் சொன்னார். வாசிக்க ஆள் இல்லாமல் கீபோர்டு உறையோடு கிடந்தது. அதனால் வழக்கம்போல ஞானசௌந்தரி எடுத்துக்கொடுத்தாள். எந்தத் தேசத்து மிஷனரியோ கப்பலில் கொண்டுவந்த பழைய மெட்டு. முதல் வரியைச் சபை வழக்கம்போல இழுத்துப் பாடியது. பழக்க தோஷத்தில் கிறிஸ்துராஜின் வாயும் தன் பாட்டுக்கு அடிக்குரலில் இறங்கியது.

இரண்டாவது வரியில் பின்வரிசை எழுந்து நின்றது.

அவர்கள் சத்தமாகப் பாடவில்லை. வேறு பாஷை, யார் கையிலும் பாட்டுப் புத்தகம் இல்லை. ஆனால் மெட்டு அதேதான். பெண்களில் சிலர் மெட்டைப் பிடித்தார்கள், ஒல்லிப் பெண் அதற்குச் சற்றுக் கீழே, மெட்டின் தோளில் கை போட்டது போலக் கூடவே நடந்தாள். பையன்களில் இருவர் அதற்கும் கீழே. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த உயரமான பையன், ஒரே சுரத்தில் நின்று, இரண்டு படி கீழே இறங்கினான். கிறிஸ்துராஜும் இறங்கினார். இருவரும் ஒரே படியில் போய் நின்றார்கள்.

கூரை இல்லாத வீட்டில் இத்தனை வருஷம் ஒற்றைத் தூணாக நின்ற குரல் அது. இப்போது மேலே உத்திரம் வந்தது, கூரை வந்தது. தான் பாடியது தப்பே இல்லை என்று அந்த நிமிடம்தான் அவருக்குத் தெரிந்தது. எதற்காகப் பாடினோம் என்பதும் தெரிந்தது. ஜன்னல் கம்பிகள் லாரி இல்லாமலேயே அதிர்ந்தன. முன்வரிசைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தன. ஞானசௌந்தரி பாடுவதை நிறுத்திவிட்டாள். சின்னப் பிள்ளைகளின் கண் கடைசி வரிசைக்கும் கிறிஸ்துராஜுக்குமாகப் போய்ப் போய் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. உயரமான பையன் அடிக்குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடி, வாசலில் தட்டோடு நிற்கும் கிழவரைக் கண்டுபிடித்தான். ஒரே ஒரு திருப்பத்தில் மட்டும் அவன் மேலே போனான், இவர் கீழே போனார். அடுத்த சரணத்தில் அவன் இவருக்காகக் கீழே வந்தான், இவர் அவனுக்காக மேலே போனார், மறுபடியும் முட்டிக்கொண்டார்கள். பையன் சிரித்துவிட்டான். பாட்டு முடிந்து ஆயர் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் உட்காரவில்லை. ஆயரும் மறுபடி சொல்லவில்லை.

ஆசீர்வாதம் முடிந்ததும் கிறிஸ்துராஜ் நேராகக் கடைசி வரிசைக்குப் போனார். உயரமான பையன் பெயர் மார்சல், ஒல்லிப் பெண் எலிசபா. ஜார்க்கண்டில் ஒரு மலைக் கிராமம். எல்லாரும் செம்பரம்பாக்கத்துக் குடோனில் பார்சல் பிரிக்கிற வேலை. மார்சலுக்கு மட்டும்தான் தமிழ் வரும். எலிசபா அவனிடம் ஏதோ வேகமாகச் சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான்.

"இவ சொல்றா அண்ணா. நாங்க நெறைய சர்ச் போனோம். எல்லா சர்ச்லயும் கெஸ்ட்டுனு முன்னாடி நிக்க வைப்பாங்க. கை தட்டுவாங்க. போன் நம்பர் கேப்பாங்க. அப்புறம் யாரும் பேச மாட்டாங்க. இங்க வந்த உடனே அண்ணா வேலை குடுத்தாரு. எங்க ஊர் சர்ச்ல அப்படித்தான். சொந்த ஆளுக்குத்தான் வேலை சொல்வாங்க."

அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அதை அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கிறிஸ்துராஜால் முடியவில்லை.

"இல்லப்பா. நான் உங்கள பந்தல் பசங்கன்னு நெனச்சிக்கினேன். அதான் வேல சொன்னேன். தப்பு என்னுது. அந்தப் பொண்ணான்ட சொல்லு."

மார்சல் அவரையே பார்த்தான். "எனக்கு தெரியும் அண்ணா," என்றான் மெதுவாக. "அப்பவே தெரியும்."

பிறகு எலிசபாவின் பக்கம் திரும்பித் தங்கள் பாஷையில் பேசினான். கிறிஸ்துராஜ் சொன்னது நாலு வார்த்தை, அவன் சொன்னது அதைவிட நீளமாக இருந்தது. அவள் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறை கிறிஸ்துராஜின் பேட்ஜைப் பார்த்தாள், ஒருமுறை அவர் கண்களைப் பார்த்தாள். பிறகு அங்கிருந்து நகர்ந்துபோனாள். போய்விட்டாள் என்றுதான் அவர் நினைத்தார்.

அவள் முன்வரிசைக்குப் போய் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒரு அடுக்கைத் தூக்கிவந்து கிறிஸ்துராஜின் கையில் வைத்தாள்.

"சேர் எடு," என்றாள், அவர் சொன்ன அதே அதிகாரத்தோடு. "ஜல்தி."

மார்சல் என்ன சொன்னான் என்று அவர் கேட்கவில்லை. நாற்காலிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். பேட்ஜ் ஊசி குத்தியது. வெளியே மதில்மேல் பந்தல் பையன்கள் மூவரும் உட்கார்ந்து கல்கண்டைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். "இன்னாங்க, இடுப்பு வலின்னு ராத்திரி என்னான்டதான வந்து நிப்பீங்க" என்ற ஞானசௌந்தரி, சொல்லிக்கொண்டே தானும் ஒரு நாற்காலியைத் தூக்கினாள். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலி அது.

பாதி வழியில் கிறிஸ்துராஜுக்குத் தெரியாமலேயே அடிக்குரல் தொண்டையிலிருந்து கிளம்பிவிட்டது. ஒரே சுரத்தில் நின்றது, இரண்டு படி இறங்கியது. பின்னால் எங்கிருந்தோ, நாற்காலிகள் உரசும் சத்தத்துக்கு நடுவே, எலிசபாவின் குரல் வந்து சேர்ந்துகொண்டது. வாசல் வந்துவிட்டது. மரத்தடியில் இறக்கி வைக்க வேண்டிய நாற்காலிகளை அவர் இறக்கவில்லை. அப்படியே சுமந்தபடி குரல் வந்த பக்கம் திரும்பி, அடுத்த வரிக்காக மூச்சை இழுத்தார்.