ஆறு கம்பளி ஜட்டிகள்

அக்கா ஆறு கம்பளி ஜட்டிகளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் தங்கை, கண்ணாடிச் சாமானைப் பிடிப்பதுபோலக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதம் கழித்துப் பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள்.

பிரசவம் ஆனதும் அவளுக்கு மனசு சரியில்லாமல் போயிற்று. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். மருந்து, மருத்துவமனை என்று அவள் கணவர் அல்லாட, குழந்தை பதினோராம் நாளே அக்கா கைக்கு வந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக மடி காலியாக இருந்தவள் அவள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

குழந்தைக்குப் பிளாஸ்டிக் உறை ஒத்துக்கொள்ளவில்லை. தொடை இடுக்கெல்லாம் வெந்து சிவந்துவிடும். அதனால்தான் துணி டயப்பருக்கு மேலே மாட்ட, மெல்லிய கம்பளி நூலில் இவற்றைத் தானே பின்னினாள்.

"புள்ளையை விட ஜட்டிக்குத்தான் இந்த வீட்ல செல்லம் ஜாஸ்தி" என்பார் அவள் கணவர். எலக்ட்ரீஷியன். அவர் சொன்னதிலும் தப்பில்லை. தினம் துவைக்கக் கூடாது, நிழலில் காற்றாடப் போட்டாலே வாடை போய்விடும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு ஷாம்பூவும் போதும். பிழியக் கூடாது, துண்டில் சுருட்டி அமுக்க வேண்டும். பிறகு லானோலின் குளியல். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் அந்த மெழுகில் பட்டாணி அளவு எடுத்து, சுடுதண்ணீரில் பால்போலக் கரைத்து, ஆறவிட்டு, ஜட்டியை ஊறவைக்க வேண்டும். அது இருந்தால்தான் ஈரம் வெளியே கசியாது. கம்பளி மட்டும் சுடுதண்ணீரைக் கண்டால் போச்சு, சுருங்கி அட்டையாகிவிடும். முதலில் பின்னிய ஒன்றை அக்கா அப்படித்தான் பாழாக்கினாள்.

"இதை எப்படிக்கா துவைக்கிறது?" என்று தங்கை கேட்டாள்.

குழந்தை அக்காவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

"அது என்ன பிரமாதம்? மத்த துணியோட மெஷின்ல போட்டுடு. தண்ணி நல்லா கொதிக்கட்டும், கிருமி சாகணும்ல."

ஸ்விட்ச் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

தங்கையும் குழந்தையும் ஏறிய ஆட்டோவின் சத்தம் தேய்ந்த பிறகு கணவர் கேட்டார். "ஏம்மா அப்படிச் சொன்னே?"

"சாப்பிட வாங்க" என்றாள்.

பத்து நாள் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராம் நாள் காலையில் தங்கை வந்தாள். குழந்தையை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். ஆறும் விழுந்தன. தடித்து, விறைத்து, பொம்மைக்குக்கூடப் பற்றாத அளவில்.

"நீ சொன்ன மாதிரிதான் போட்டேன்க்கா. நடுவுல நான்தான் என்னமோ தப்பு பண்ணிட்டேன். திரும்பப் பிளாஸ்டிக்கைப் போட்டேன், தொடையைப் பாரு, எப்படி வெந்திருக்குன்னு. அவர் ஒண்ணும் திட்டலை. மாத்திரை ஒழுங்கா போடுறியான்னு மட்டும் கேட்டார்." சுருங்கிய ஒன்றைக் கையில் எடுத்தாள். "ஒரு ஜட்டி துவைக்கத் துப்பில்லாதவ புள்ளையை எப்படி வளர்ப்பேன்? நீயே வச்சுக்கோக்கா. உன்கிட்டதான் சிரிக்குது."

இந்த வார்த்தைக்குத்தான் அக்கா காத்திருந்தாள். குழந்தை அவள் கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டது. அப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

தங்கை கட்டிலில் சாய்ந்து, முகத்தை மெல்லச் சுவர் பக்கம் திருப்பினாள்.

"ஏய், இங்கே பாரு. என்னைப் பாருடி." அக்கா அவள் தோளைத் தொட்டாள். "கம்பளியைச் சுடுதண்ணில போடவே கூடாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

தங்கை எழுந்து உட்கார்ந்தாள்.

"எதுக்கு?"

"முடியலைன்னு நீயே கொண்டுவந்து விட்டுடுவேன்னு."

தங்கை குழந்தையை வாங்கி, அடியில் கைகொடுத்து இடுப்பில் அழுத்தமாக வைத்துக்கொண்டாள்.

"எனக்கு மறுபடி புத்தி பிசகிடுச்சுன்னு பத்து நாளா பயந்து செத்துட்டிருந்தேன்க்கா" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா அதன்பின் மூன்று வாரம் ஊசியைக் கீழே வைக்கவில்லை. சற்றுப் பெரிய அளவில் ஆறு ஜட்டி பின்னி, லானோலினில் ஊறவைத்து உலர்த்தினாள். துவைக்கும் முறையை ஒரு தாளில் ஒன்றுவிடாமல் எழுதினாள். கணவர்தான் கொண்டுபோனார்.

திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்வரை அவள் பொறுத்தாள்.

"வாங்கிக்கிட்டாளா?"

"ம்."

"புள்ளை?"

"தூங்கிட்டிருக்குன்னு சொன்னா."

"தாளைப் படிச்சாளா?"

"ரெண்டு தடவை படிச்சா." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அப்புறம் கம்பளி நூல் கடைக்குப் போன் போட்டு, இதெல்லாம் சரிதானான்னு ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டா."