குறிப்புக் கட்டத்தில் எழுதியவர்

கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர் வைத்திருந்தார்கள். அவளும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறுவனம் நிறுவனமாகப் போய், அங்கே ஓடும் மென்பொருளில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்று சரிபார்ப்பதுதான் அவள் பிழைப்பு.

அந்த முறை போனது லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றுக்கு. ஊழியர்களுக்கு வேலைக்குத் தக்கபடி அனுமதி பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அதில் கடைசிப் படி 'பார்வையாளர்'. அவர்கள் எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் தொடக்கூடாது.

பூதக்கண்ணாடி பார்வையாளராக உள்ளே நுழைந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒரு வாடிக்கையாளரின் முகவரியை மாற்றினாள், மென்பொருள் மறுத்தது. தேதியை மாற்றினாள், அதற்கும் மறுத்தது. கடைசியாக அடியில் இருந்த குறிப்புக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துச் சேமித்தாள். புள்ளி சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.

வேறு யாராவது என்றால் குறையை எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போயிருப்பார்கள். அவளுக்கு மண்டை குடைந்தது. இந்த ஓட்டை வேறு யார் கண்ணிலாவது பட்டிருக்குமா? தேடினாள். குறிப்புகள் பக்கம் பக்கமாக வந்து விழுந்தன.

'மோட்டார் அறைச் சாவி காவலாளியிடம் இல்லை, எதிரே தையல் கடையில்.' 'வெள்ளை நாய் வாலை ஆட்டும். நம்ப வேண்டாம்.' 'ஐந்தாம் மாடிப் பையனுக்கு இருட்டு என்றால் பயம். லிஃப்டில் மாட்டிக்கொண்டால் பேசிக்கொண்டே இருக்கவும்.'

சாப்பாட்டை மறந்து படித்தாள். எல்லாம் ஒரே ஆள் எழுதியது, தொலைபேசியில் பதில் சொல்லும் பெண். அவளுக்கும் பார்வையாளர் அனுமதிதான்.

மென்பொருள் நிர்வாகியிடம் காட்டியதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. இந்த நிமிடமே அடைத்துவிடுகிறேன் என்று கீபோர்டை இழுத்தார். நாளை வரைக்கும் பொறுக்கச் சொல்லிவிட்டு, பூதக்கண்ணாடி நடைக் கோடியில் இருந்த சின்ன அறைக்குப் போனாள்.

தொலைபேசிக்காரி நாற்பதைத் தாண்டியவள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். வேலை போகப்போகிறது என்று முடிவுகட்டிவிட்டாள் போலிருந்தது. பேச்சுக் கொடுத்துத்தான் விஷயம் வந்தது. அவள் கணவர் அங்கேயே மெக்கானிக். ஒரு நாள் நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறோம், பார்த்து வரச் சொல்லுங்கள் என்று அவர் போகவிருந்த வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். இவள் கணவரை அழைத்தாள். வண்டியில் போய்க்கொண்டிருந்தவர் எடுக்கவில்லை. நாய் கெண்டைக்காலைப் பதம் பார்த்துவிட்டது.

"மறுநாள் பாத்தா அந்தக் கட்டம் காலியா கிடந்துச்சு. எழுதினேன், ஏத்துக்கிச்சு. வேணாம்னு யாரும் சொல்லலைங்க. கம்ப்யூட்டரும் சொல்லலை."

மறுநாள் காலை பூதக்கண்ணாடி அந்தக் கணவரோடு ஒரு வேலைக்குக் கிளம்பினாள். அவர் குறிப்பைத் திறந்தே பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, வீட்டிலேயே பாடம் நடந்துவிடும் என்றார். நேராகத் தையல் கடைக்குப் போய்ச் சாவியை வாங்கினார். நாயை வாசலிலேயே கட்டச் சொன்னார். எல்லாம் கச்சிதமாக நடந்தது. பூதக்கண்ணாடிக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

இரண்டாம் மாடியில் லிஃப்ட் கதவைக் கழற்றும்போது பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அந்த வீட்டைப் பற்றியும் ஒரு குறிப்பு இருந்தது: 'கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். அவரைப் பற்றிக் கேட்க வேண்டாம்.' அந்த அம்மா வாயைத் திறக்குமுன்பே அவள் வீட்டு விஷயம் இவளுக்குத் தெரியும். பூதக்கண்ணாடியால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நன்றி சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காராமலே நின்றாள்.

திரும்பி வந்து தொலைபேசிக்காரியிடம் அந்தக் குறிப்பைப் பற்றிச் சொன்னாள்.

"நல்லதுக்குத்தானே எழுதினேன்? போன தடவை போனவன் 'சார் இல்லையா'ன்னு கேட்டு அந்தம்மா அழுதுட்டாங்க."

"உங்களை நம்பித்தானே அவங்க போன்ல சொன்னாங்க? கம்பெனி முழுக்கப் படிக்கட்டும்னு சொல்லலையே."

தொலைபேசிக்காரி அந்தக் குறிப்பைத் திரையில் திறந்தாள். பிறகு அந்த வரியைத் தானே அழித்தாள். கேட்காமலே இன்னும் சிலதைத் தேடி அழித்தாள். ஐந்தாம் மாடிப் பையன் குறிப்பை மட்டும் அழிக்கமாட்டேன் என்று மல்லுக்கு நின்றாள். கடைசியில் வீட்டு அடையாளம் இல்லாமல், 'சின்னப் பிள்ளைகள் இருக்கும் கட்டடம், யாராவது மாட்டிக்கொண்டால் பேசிக்கொண்டே இருக்கவும்' என்று மாற்ற இருவரும் ஒத்துக்கொண்டார்கள். நாய்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று பூதக்கண்ணாடி சொன்னபோதுதான் அவள் சிரித்தாள்.

அறிக்கையில் பார்வையாளர்களுக்கு அந்தக் கட்டத்தை மூடச் சொல்லி, தொலைபேசி வேலைக்கென்று தனியாக ஓர் அனுமதி கேட்டிருந்தாள்: குறிப்பு எழுதலாம், வேறு எதையும் மாற்ற முடியாது, வழி, சாவி, ஆபத்து தவிர யார் வீட்டுக் கதையும் கூடாது. நிர்வாகி முனகினார். ஒருவருக்காகத் தனி அனுமதியா என்றார். பிறகு, குறிப்புகளே இல்லாமல் போனால் மெக்கானிக்குகள் தன் உயிரை வாங்கிவிடுவார்கள் என்று அவருக்கே தோன்றியது. அன்று மாலைக்குள் போட்டுக் கொடுத்தார்.

பூதக்கண்ணாடி விடைபெறப் போனபோது தொலைபேசிக்காரி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். பேச்சு நீண்டது. "அப்படியா... மாடிப்படியிலயா? எத்தனை?" என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்தபடி தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

மாடிப்படியில் என்ன, எத்தனை? பூதக்கண்ணாடிக்குக் கால் நகரவில்லை. பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, அந்தக் குறிப்பைத் திறக்கப் பார்த்தாள். தணிக்கை முடிந்ததால் அவள் அனுமதியை நிர்வாகி அப்போதே எடுத்துவிட்டிருந்தார். சரியாகத்தான் செய்திருக்கிறார் என்று மனசுக்குள் ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு, மடிக்கணினியை மூடி வைத்தாள். தொலைபேசிக்காரி பேசி முடிக்கட்டும் என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.