பரிமாறி பேசாத வருஷம்

பரிமாறி என்ற ரோபோ வேஷத்தின் தலையை என் மேல் கவிழ்த்து, கழுத்தைச் சுற்றியிருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் உடை மாஸ்டர் அந்தச் செய்தியைச் சொன்னார்.

"டப்பிங் அக்காவுக்குத் தொண்டையில கட்டியாம். அடுத்த வாரம் ஆபரேஷன்."

"என்னது?" என்று உள்ளேயிருந்து கத்தினேன். அந்தத் தலைக்குள் நாம் கத்துவது நமக்கு இடி மாதிரி கேட்கும். வெளியே ஈ எறும்புக்குக்கூடக் கேட்காது. அவர் என் தோளில் இரண்டு தட்டுத் தட்டி செட் பக்கம் திருப்பிவிட்டார். அன்று முழுக்க நான் தட்டுகளைத் தப்புத் தப்பாக வைத்தேன்.

எங்கள் தொடருக்கு அது பதினாறாவது வருஷம். பூமிக்குத் திரும்ப வழி தெரியாமல் அலையும் ஒரு விண்கலம், அதில் நாற்பது பேர், அவர்களுக்கு வேளை தவறாமல் உணவு பரிமாறும் ஒரு ரோபோ. அந்த ரோபோவால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியாது. ஆனால் யார் சாப்பிடவில்லை என்பது அதற்குத்தான் முதலில் தெரியும். வழி கிடைத்துவிட்டால் தொடர் முடிந்துவிடும், நம் பிழைப்பும் முடிந்துவிடும், அதனால் கடவுளே வந்து வழி சொன்னாலும் டைரக்டர் கேட்க மாட்டார் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். சனிக்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்குத் தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். இப்போது சொன்னால் நம்ப மாட்டார்கள். செட் இருந்த கொட்டகையில் இன்று மரச்சாமான் கிடங்கு இருக்கிறது. அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் எப்போதும் இடது பக்க ஜன்னலோரம் பார்த்துத்தான் உட்காருகிறேன்.

நான் ஐந்தாவது வருஷத்தில் சேர்ந்தவன். அதற்கு முன் மின்சாமான் கடையில் விசிறி விற்றுக்கொண்டிருந்தேன். பரிமாறிக்குள் முதலில் இருந்தவருக்கு முழங்கால் போய்விட்டது. அந்த உடம்புக்குள் நுழையும் அளவுக்குக் குள்ளமாக ஒரு ஆள் வேண்டும் என்று தேடினார்கள். ஊரில் எல்லோருக்கும் ஆளைப் பார்த்துச் சட்டை தைப்பார்கள்; எனக்குச் சட்டையைப் பார்த்து வேலை கொடுத்தார்கள்.

உடம்பு நான். குரல் அக்கா. முன்பு வானொலியில் செய்தி வாசித்தவர். எல்லோருக்கும் அவர் அக்காதான், அவரைவிட மூத்தவர்களுக்கும். படப்பிடிப்பில் உதவி இயக்குநர் யாராவது வசனத்தைச் சந்தைக்கடை மாதிரி வாசிப்பார். அதற்கு நான் கையை அசைப்பேன். பத்து நாள் கழித்து வேறொரு கட்டடத்தில், படத்தைப் பார்த்து அக்கா பேசுவார். பதினோரு வருஷத்தில் அவரை நேரில் பார்த்தது இரண்டு முறை, அதுவும் ஆண்டு விழாவில், தூரத்திலிருந்து. மற்றபடி டப்பிங் அறையிலிருந்து துண்டுச் சீட்டு வரும். "தம்பி, நான் பேசி முடிச்ச அப்புறமும் உங்க கை ஆடிக்கிட்டே இருக்கு. ஈ ஓட்டறீங்களா?" நானும் சளைத்தவனா? "ஒரு நாள் இதுக்குள்ள வந்து நின்னுட்டு அப்புறம் எழுதுங்க" என்று எழுதி அனுப்புவேன். எலியும் பூனையுமாகவே காலம் ஓடியது. "உங்க ரெண்டு பேரையும்விட அந்தத் தகரத்துக்குத்தான் புத்தி அதிகம்" என்பாள் என் மனைவி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் வரும், ஆனால் பழைய குரல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தயாரிப்பாளர் உடனே புதுக் குரல் தேடினார். வந்தவள் கெட்டிக்காரப் பெண். அக்கா மாதிரியே பேசினாள், இருமல்கூட அதே மாதிரி. இரண்டு வாரம் ஒளிபரப்பானது. "பரிமாறிக்கு ஜலதோஷமா?" என்று கேட்டு எழுதியது ஒரு குழந்தை. நானும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் அசைந்த கை வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷமும் எவனோ வாசித்த வசனத்துக்கு நான் அசையவில்லை. காதுக்குள் அக்காவின் குரலை நானே ஓட்டிக்கொண்டு, அதற்குத்தான் அசைந்திருக்கிறேன். அந்தக் குரல் இல்லாமல் எனக்குத் தட்டைத் தூக்கக்கூடத் தெரியவில்லை.

புதுக் குரல் எடுபடவில்லை என்றதும் டைரக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி வரவழைத்தார். காப்பி வரவழைத்தாலே விஷயம் நல்லதில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"என்ஜின் அறையில தீப்பிடிக்குது. பரிமாறி உள்ள போய் எல்லாரையும் காப்பாத்திட்டு உருகிடுது. கௌரவமா அனுப்பி வைக்கறோம், என்ன சொல்றீங்க?"

நான் எழுந்து வெளியே வந்தேன். அந்தக் கொட்டகையில் யாரிடமும் எதுவும் கேட்டவனில்லை நான். ஒரு மின்விசிறி வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. அன்று நேராகக் கதாசிரியர் அறைக்குப் போனேன். அவர் பல்வலியோடு தாடையைப் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், தீப்பிடிக்கட்டும். ஆனா உருக வேணாம். குரல் மட்டும் எரிஞ்சு போகட்டும்."

"பேசாத ரோபோவ வெச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது?"

"பரிமாறட்டும் சார்."

அவர் தாடையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். சாயந்திரத்துக்குள் டைரக்டரிடம் மூன்று வாரம் தவணை வாங்கிக் கொடுத்துவிட்டார்.

வீராப்பாகக் கேட்டு வாங்கிவிட்டேன், ஒத்திகையில் நின்றால் குளிர்சாதனப் பெட்டி மாதிரி நிற்கிறேன். "தம்பி, கொஞ்சம் உயிரோட நில்லுங்க" என்று கேமராக்காரர் கிண்டலடித்தார். வேறு வழியில்லாமல் விலாசம் விசாரித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அவரே கதவைத் திறந்தார். இரண்டு மாதம் பேசவே கூடாதாம். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். நான் யாரென்று சொல்ல வாய் திறப்பதற்குள் என் கை ஆடுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். முகம் தெரியாவிட்டாலும் கையசைப்பைப் பதினோரு வருஷம் பார்த்தவர் அல்லவா. நான் காட்சியைப் படித்துக் காட்டினேன். கணவனை இழந்த ஒரு பொறியாளர் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. பரிமாறி அவள் முன்னால் தட்டை வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

"இங்க என்னக்கா பண்றது? ஒண்ணுமே ஓட மாட்டேங்குது."

அவர் பரிமாறி சொல்லக்கூடிய ஒரு வரியை நோட்டில் எழுதினார்: 'எனக்குப் பசின்னா என்னன்னு தெரியாது. உங்களுக்குத் தெரியும்.' பிறகு அந்த வரியை மேஜையில் விரலால் தட்டிக் காட்டினார். முதல் வாக்கியம் வேகமாக. பின் ஒரு நிறுத்தம். இரண்டாவது, மெதுவாக, ஒவ்வொரு தட்டுக்கும் இடைவெளி விட்டு. மூன்று முறை தட்டினார். நான்காவது முறை நான் தட்டினேன். தலையை ஆட்டி, மறுபடி என்றார் கண்ணாலேயே.

படப்பிடிப்பன்று அந்த வரியைத் தலைக்குள் உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்தேன். யாருக்கும் கேட்கவில்லை. தட்டை வைத்தேன். நின்றேன். பிறகு, எழுதாத ஒன்று, கரண்டியின் காம்பை மெல்ல அவள் கைப்பக்கம் திருப்பிவைத்தேன். அந்த நடிகை நிஜமாகவே அழுதுவிட்டாள். டைரக்டர் 'கட்' சொல்ல மறந்து நின்றார். விளக்குக்காரர்தான், "சார், பல்பு சூடாகுது" என்று ஞாபகப்படுத்தினார்.

மூன்று வாரம் முப்பது வாரமானது. மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. புதன்கிழமைதோறும் நான் அக்கா வீட்டில் இருப்பேன். ஒரு முறை அவர் செட்டுக்கு வந்தார், அதுவும் முதல் தடவையாக. தலையைக் கழற்றி என்னை வெளியே உருவினார்கள். உடம்பெல்லாம் வேர்வை, மார்பில் வார் பதிந்த சிவப்புக் கோடுகள். அக்கா நோட்டைத் திறந்தார், பேனாவை எடுத்தார், ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டு, பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

வருஷக் கடைசியில் கதாசிரியருக்கு ஒரு யோசனை. பரிமாறிக்குக் குரல் திரும்ப வேண்டும், அக்காவே பேச வேண்டும். அதற்குள் அக்கா பேசத் தொடங்கியிருந்தார். ஆனால் அது மணலில் தகரத்தை இழுப்பது போன்ற குரல். சொல்லி அனுப்பியதும் முடியாது என்றுவிட்டார். புதன்கிழமை நான் போய்க் கேட்டேன்.

"வேணாம் தம்பி. ஜனங்க மனசுல ஒரு குரல் இருக்கு. அதாவது நல்லா இருக்கட்டும்."

"தீயில எரிஞ்ச குரல் வேற எப்படிக்கா இருக்கும்?"

"நீங்க சுலபமா சொல்லிடுவீங்க. உங்க முகத்த யாரும் பாத்ததில்ல. நான் குரலுக்குள்ளதான் இருந்தேன். இப்ப வெளிய வந்து நிக்கற மாதிரி இருக்கு."

அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்தவர், "ஒரே ஒரு வரி. நல்லா இல்லேன்னா அழிச்சிடணும்" என்றார். "நீங்க கூட நிக்கணும்."

அப்படித்தான் நான் டப்பிங் அறையைப் பார்த்தேன். வேட்டிக் கடை மாதிரி சுவரெல்லாம் துணி. வெறும் சட்டையும் செருப்புமாக அவர் எதிரில் நின்று, இல்லாத ஒரு தட்டை இல்லாத மேஜையில் வைத்தேன். அவர் பேசினார். குரல் நடுவில் ஓரிடத்தில் கிழிந்தது. விடாமல் தாண்டிப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர், "இன்னொண்ணு எடுக்கலாமாக்கா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையசைத்தேன்.

அது ஒளிபரப்பான சனிக்கிழமை அக்கா என்னையும் மனைவியையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அக்கா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, ஏதோ குற்றம் செய்தவர் போல விரல்களைப் பின்னிக்கொண்டிருந்தார். நான் திரையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சிக்குச் சற்று முன்புதான் என் மனைவி சமையலறையிலிருந்து மூன்று டம்ளர் தேநீரைத் தட்டில் ஏந்தி வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். திரையில் நாற்பது பேரும் பரிமாறியைச் சுற்றி நின்றார்கள். ஒரு கரகரப்பு. பிறகு அந்தக் குரல்.

"உக்காருங்க. ஆறிப்போகுது."

என் மனைவி நின்ற இடத்திலேயே, தரையில், சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். ஏன் உட்கார்ந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மடியில் தட்டை வைத்துக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா பின்னியிருந்த விரல்களைப் பிரித்தார். யாரும் டம்ளரை எடுக்கவில்லை. மூன்று டம்ளரிலிருந்தும் ஆவி எழுந்து, தொலைக்காட்சி வெளிச்சத்தில் நீலமாகச் சுருண்டு, மேலே போய்க்கொண்டிருந்தது.